இது ஜப்பான் பீங்கான்தானா?

சுங்குவார்சத்திரத்தில் காஞ்சிபுரம் பேருந்துக்காகக் காத்திருக்கிறீர்கள். சாலையோரத்தில் ஒருவர் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பித்தளைச் செம்பு, ஊறுகாய் ஜாடி, அரிக்கன் விளக்கு இவற்றுக்கு நடுவே நீலமும் சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு பூத்தட்டு. "அசல் ஜப்பான் சார், இருநூறு வருஷத்துச் சாமான்" என்கிறார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்தபின் இந்த வட்டாரத்தில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்புதான். நம்பி வாங்கலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டாம். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பியர்கள் ஜப்பான் பீங்கானைப் பார்த்து நகல் செய்து வந்திருக்கிறார்கள். அந்த நகல்களில் பல இன்று தாமே பழம்பொருள்கள் ஆகிவிட்டன.

ஜப்பானில் அரித்தா என்னும் ஊரில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீங்கான் தொழில் பிறந்தது. பக்கத்திலுள்ள இமாரி துறைமுகத்தின் வழியே வெளியே சென்றதால் அந்தப் பாண்டங்களுக்கு 'இமாரி' என்றே பெயர் நிலைத்தது. 1659இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் நடத்தியதும் இதே கம்பெனிதான். நம் கரையிலிருந்து கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குப் போயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சந்தோமே'. வேறெதுவும் அல்ல, நம் மயிலாப்பூர் சாந்தோம்தான்! ஆகவே சோழமண்டலக் கரையில் ஒரு பழைய ஜப்பான் தட்டு அகப்படுவது நடக்காத காரியம் அன்று.

தட்டை எடுத்தவுடன் எல்லாரும் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைத் தேடுவார்கள். முத்திரையைக் கடைசியில் பாருங்கள் என்பேன். ஏன் தெரியுமா? ஐரோப்பாவில் உண்மையான பீங்கானின் இரகசியத்தை முதலில் கண்டுபிடித்தது ஜெர்மனியின் சாக்ஸனி. 1708இல் பெட்கர் என்பவர் அதில் வெற்றி பெற்றார். 1710இல் மைசென் நகரில் ஆலை எழுந்தது. 1729 வாக்கில் ருடால்ப் லமேர் என்ற பாரிஸ் வணிகர், அமைச்சர் ஹோய்ம் பிரபுவின் துணையோடு, மன்னரின் சேகரிப்பிலிருந்த ஜப்பான் தட்டுகளையே ஆலைக்கு மாதிரியாகக் கொடுக்கச் செய்தார். ஆலையின் முத்திரை, குறுக்கிட்ட இரு வாள்கள். அதைக் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் போட்டால் அழியாது. லமேரின் தட்டுகளிலோ அது பூச்சுக்கு மேலே, எனாமல் வண்ணத்தில் போடப்பட்டது. பாரிசில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 'ஜப்பான்' என்று விற்பதுதான் திட்டம். 1731இல் குட்டு வெளிப்பட்டது. லமேர் கைதானார், அமைச்சர் பதவி இழந்தார்.

முத்திரையைச் சுரண்டலாம், தட்டின் உடலை மாற்ற முடியாது. பீங்கான் என்பது வெண்களிமண்ணும் பெல்ஸ்பாரும் குவார்ட்சும் ஏறக்குறைய 1,300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பாதி கண்ணாடியாக இறுகிய பொருள். அரித்தாவில் இவற்றைத் தேடிக் கலக்க வேண்டியிருக்கவில்லை. இசுமியாமா குன்றின் பாறையை இடித்துக் கழுவினால் வேண்டியவை எல்லாம் அதிலேயே இருந்தன. ஐரோப்பியருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆளுக்கொரு கலவை செய்தார்கள். அந்தக் கலவைதான் காட்டிக்கொடுக்கும்.

இருட்டில் தட்டுக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடியுங்கள். ஒளி துளிக்கூட ஊடுருவவில்லையா? ஹாலந்தின் டெல்ப்ட் நகல்களில் ஒன்றாக இருக்கலாம். அது பீங்கானே அல்ல. சுட்ட மண்மேல் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு. விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் உள்ளே பழுப்பு மண் தெரியும். ஒளி வந்தாலும், ஆங்காங்கே முழுநிலாபோல் வெளிச்சத் திட்டுகள் தோன்றினால் லண்டனின் செல்சீ ஆலையை நினையுங்கள். தந்தம்போல் இளமஞ்சள் வெண்மை என்றால், எலும்புச் சாம்பல் கலந்த ஆங்கிலப் 'போன் சைனா'வாகலாம். மைசென் தட்டும், 1845இல் பாரிசில் தொடங்கிய சாம்சன் ஆலையின் நகலும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

அடுத்து விரலால் அடியைத் தடவுங்கள். அரித்தாப் பாறை உலையில் சற்று இளகும். அகன்ற தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். அதைத் தாங்கச் சிறு களிமண் கூம்புகளை அடியில் நிறுத்தினார்கள். சூளையிலிருந்து எடுத்தபின் அவற்றைத் தட்டி உடைத்தாலும், அடி வளையத்துக்குள்ளே சிறு பருக்கள் போன்ற வடுக்கள் தங்கிவிடும். மைசென் தட்டுகளில் இவை பொதுவாக இரா. ஆனால் செல்சீத் தட்டிலும் மூன்று வடுக்கள் உண்டு. எனவே விளக்குச் சோதனையை விட்டுவிடாதீர்கள். விற்பவரைக் கேட்காமல் அரத்தால் உரசிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்!

ஓவியமும் பேசும். காக்கியெமோன் வகையில் ஜப்பானியர் பாதித் தட்டை வெறுமையாகவே விடுவார்கள். ஐரோப்பியக் கைக்கு அந்த வெறுமை பொறுப்பதில்லை. ஒரு பூச்சியையாவது வைத்துவிடும்.

இத்தனைக்கும் தப்பினால் ஆய்வுக்கூடம்தான் கதி. தட்டின் நீலம் கோபால்ட் என்னும் உலோகத்தின் நிறம். கிழக்காசியாவின் இயற்கைக் கோபால்ட் தாதுவில் மாங்கனீசு மிகுதி; சாக்ஸனிச் சுரங்கத் தாதுவிலோ ஆர்செனிக், நிக்கல், பிஸ்மத். எக்ஸ் கதிர்க் கருவி தட்டைச் சுரண்டாமலே இவற்றைக் காட்டிவிடும். இதிலும் ஓர் எல்லை உண்டு. 1870க்குப் பிறகு அரித்தாவுக்கும் ஐரோப்பியக் கோபால்ட் வந்துவிட்டது. அதற்குப் பிந்திய தட்டுகளிடம் இந்தச் சாட்சியம் செல்லாது.

நகல் என்று தெரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிடாதீர்கள். லமேர் செய்வித்த தட்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் மைசென் என்ற சொந்தப் பெயரிலேயே இருக்கின்றன. இப்போது முத்திரையைத் தேடலாம். தட்டைக் கவிழ்த்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நடுவே காசளவு இடத்தில் மட்டும் பளபளப்பு மங்கியிருந்தால், அங்கே ஒரு முத்திரை இருந்திருக்கலாம்.