வாலெலும்பும் பல்லும்

செங்கடல் கரையில் பிள்ளை வளர்ப்பு – 9

சவுதி அரேபியாவில் டைனோசர்கள் வாழ்ந்தன என்று உறுதியாக அடையாளம் சொல்லும் முதல் ஆதாரம் வெளியானது 2013 டிசம்பர் கடைசியில். நாட்டின் வடமேற்கில், செங்கடல் கரையை ஒட்டிய பாறைகளில், ஒரு தழைதின்னியின் வால் முள்ளெலும்புகள் சிலவும் ஒரு ஊனுண்ணியின் உதிர்ந்த பற்களும் கிடைத்திருந்தன. அவ்வளவுதான் கிடைத்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து பெஞ்சமின் கியர், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சவுதி புவியியல் ஆய்வு நிறுவனத்தார் ஆகியோர் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் நம் ஜித்தாவிலேயே இருக்கிறது. பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 7.2 கோடி ஆண்டுகள்.

ஜித்தாவின் ஷரஃபியாவில் வளரும் பிள்ளைகளுக்கு டைனோசர் அறிமுகமாவது கடையில் பை பையாகத் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் மூலம். அதில் டி-ரெக்ஸ் கட்டாயம் இருக்கும், டிரைசெராடாப்ஸ் இருக்கும். இரண்டும் வட அமெரிக்காவில் வாழ்ந்தவை. பிள்ளை வளரும் நாட்டிலும், லீவுக்குப் போகும் ஊரிலும் மண்ணுக்கடியில் இருந்தவை அந்தப் பையில் இருப்பதில்லை. பொம்மை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாலிலிருந்து கொம்பு வரை முழுதாகச் செய்து, சாயமும் பூசிக் கொடுத்த மிருகத்தைப் பார்த்துப் பிள்ளை என்ன கேட்கும்? இந்த வாலெலும்பின் படத்தைக் காட்டினபோது என் மகன் முதலில் கேட்டது, “மீதி எங்கம்மா?” சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர, எலும்பு குறைவாகக் கிடைத்த டைனோசரே நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

பல்லிலிருந்து தொடங்கினோம். மகளுக்குப் பால்பல் ஆடுகிற வயது. டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது என்பது அவளுக்குப் பெரிய செய்தி. பல் மட்டும் தனியாகக் கிடப்பதற்குக் காரணமும் அதுதான். விழுந்த பல் மண்ணில் புதையும். மிருகம் நடந்து போய்விடும். தட்டையாகக் கத்தி போலிருக்கும் பல்லின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ரம்பம் மாதிரி நுண்ணிய பற்கள் தெரியும். இறைச்சியை அறுத்துத் தின்ற பல் என்று அது சொல்லிவிடுகிறது. சவுதியில் கிடைத்தது அபெலிசாரிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டையான முகமும் பயன்படாத அளவு குட்டிக் கைகளும் கொண்ட குடும்பம் இது. நீளம் 6 மீட்டர் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

வாலெலும்பு டைட்டனோசர் வகையினுடையது. இந்த வகையில் பெரும்பாலானவற்றின் வால் முள்ளெலும்பு முன்பக்கம் குழிந்தும் பின்பக்கம் உருண்டு துருத்தியும் இருக்கும். சப்பாத்தி மாவில் பிள்ளைகளைச் செய்யச் சொன்னேன். ஒன்றின் உருண்டை அடுத்ததன் குழியில் போய் உட்கார்ந்ததும் மகன் வாலை வளைத்துப் பார்த்தான். எலும்பின் வடிவத்திலிருந்து அசைவை ஊகிக்கிறார்கள் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த டைட்டனோசரின் 20 மீட்டர் நீளம் நம் ஃபிளாட் எதற்குள்ளும் அடங்காது. மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டோம். சாயங்காலம் போங்கள், பகலில் தரை கொதிக்கும்.

அந்தக் காலத்தில் செங்கடலே கிடையாது. அரேபியா ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்தது, அதில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடந்தது. இந்தியா தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் இதே இரண்டு வகைகளும் அந்தத் தீவிலும் இருந்தன. குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003ல் பெயர் பெற்ற ராஜாசாரஸ் ஓர் அபெலிசாரிட். டைட்டனோசர் என்ற பெயருக்கே மூலம் ஜபல்பூரில் கிடைத்த வாலெலும்புகள். 1828ல் வில்லியம் ஸ்லீமன் எடுத்தவை அவை. 1877ல் லிடெக்கர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். பிறகு எலும்புகள் எங்கே போயின என்று தெரியாமல் போயிற்று. 2012ல் அவற்றில் ஒன்றை, கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே கண்டெடுத்தார்கள்.

அரியலூருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு என்று அவர்கள் சொன்னது மட்டும் 2 மீட்டர் நீளம். அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு டைட்டனோசர் என்று திருத்தினார்கள். அது எலும்பா, கல்லாகிப்போன மரமா என்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். சரிபார்க்க வழியில்லை. எடுத்த இடத்திலேயே உதிரத் தொடங்கிய அந்தப் படிவம் இன்று இல்லை. 2022ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகு வாதம் மறுபடி சூடுபிடித்தது. இந்தக் கதையைச் சொன்னபோது மகள் கோபப்பட்டாள். “ஏம்மா பத்திரமா வைக்கல?” அந்தக் கோபம் எனக்கும் உண்டு. உலகத்தின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடியது நம் மண்ணில் கிடைத்து, நம் கண்முன் தூளாகிவிட்டது.

அரியலூர்ப் பகுதிக்கு இன்னொரு வழக்கும் உண்டு. யாதகிரியும் அய்யாசாமியும் 1979ல் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டதை, முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் இனம் என்றார்கள். 1991ல் சங்கர் சட்டர்ஜி அதை மறுத்து, பிளீசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வன என்றார். 2017ல் கால்டனும் அய்யாசாமியும் சேர்ந்து, ஸ்டெகோசாரஸ் இனந்தான் என்று திரும்பவும் வாதிட்டார்கள். பெரியவர்கள் எலும்பை நடுவில் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் மரியாதையாகச் சண்டை போடலாம் என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும். எங்கள் வீட்டில் மகள் தகட்டுக் கட்சி, மகன் கடல் கட்சி. ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

அசல் புதைபடிவத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை, ஷரஃபியாவிலிருந்து கொஞ்ச தூரத்திலிருக்கும் பழைய நகரமான அல்-பலதுக்குக் கூட்டிப்போங்கள். பழைய வீடுகளைக் கட்டியது செங்கடலின் பவளக்கல்லை வெட்டி எடுத்து. காரை பெயர்ந்த சுவர்களில் பவளத்தின் கண்ணறைகள் வரிவரியாகத் தெரியும். டைனோசரோடு ஒப்பிட்டால் நேற்றைக்கு உருவான கல்தான். ஆனாலும் ஒரு உயிர் கல்லான விதம் விரலுக்குத் தட்டுப்படும். சுரண்டாமல் பார்க்கப் பழக்குங்கள்.

வெக்கேஷனில் திருச்சியில் இறங்குபவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகத்தையும், பெரம்பலூர் அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் பார்த்துவிடலாம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் ஏராளம். சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டும் கல்லும் அதுதான். அங்கே ஓடையில் வித்தியாசமான கல் எதையாவது பிள்ளை கண்டால், இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள், அளவு தெரியும். இடத்தையும் தேதியையும் பிள்ளையே நோட்டில் எழுதி அருங்காட்சியகத்தில் காட்டட்டும்.

(தொடரும்)