கம்பெனி எப்போது கேட்கும்?

பெரிய கம்பெனிகள் நீரையும் நிலத்தையும் தாமாகவே காக்குமா? பிளாச்சிமடையைப் பாருங்கள்.

இவ்வூர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு இங்கே கோகோ கோலா ஆலை வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நீரை எடுத்தது. ஊர்க் கிணறுகளில் நீர் இறங்கியது, இருந்த நீரும் கெட்டது என்று மக்கள் சொன்னார்கள். ஆலைக் கழிவை உரம் என்று உழவர்களுக்குக் கொடுத்தார்கள். சோதித்தபோது அதில் காட்மியம் இருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

யார் கேட்பது? மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் கேட்டார். 2002 ஏப்ரலில் மக்கள் ஆலை வாசலில் போராட உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெருமாட்டி ஊராட்சி ஆலைக்கு லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. சின்ன ஊராட்சிதான்! ஆனால் லைசென்சு அதன் கையில் இருந்தது.

நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003-இல் உயர் நீதிமன்ற நீதிபதி சொன்னார். 2005-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. ஆனால் 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது. இனி அங்கே ஆலை நடத்தமாட்டோம் என்று 2017-இல் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

பெயர் கெட்டால் சரக்கு விற்காது. இது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். பானத்தில் சேரும் அளவு நீரை இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று 2007-இல் உலகுக்கு அறிவித்தது.

பிளாச்சிமடையின் இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் அரசுக் குழு கணக்கிட்டது. இழப்பீடு வாங்கித்தர 2011-இல் கேரளச் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.