எண்ணூர்க் கழிமுகம்: மணல்மேடு முதல் அலையாத்தி வரை

பெரம்பூருக்கு வடகிழக்கே கொசஸ்தலை ஆறு வங்கக் கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில், அதாவது ஆற்றுநீரும் கடல்நீரும் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் கலக்கும் பகுதியில், வழிகாட்டியுடன் கடற்கரையிலிருந்து உள்நோக்கி நடப்போர் உப்பைத் தாங்கும் மூன்று வகைத் தாவரச் சூழல்களைக் காணலாம்.

மணல்மேடு
ஆட்டுக்குளம்பு போன்ற இலையுடைய அடம்புக்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிணைக்க, முட்கள் நிறைந்த இராவணன் மீசைப் புல் காற்றில் உருண்டோடும் கதிர்களால் விதைகளைப் பரப்புகிறது.

உவர்நிலம்
உமரிச் செடி தன் சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைச் சேமித்து, உள்ளே புகும் உப்பின் செறிவைக் குறைத்துக்கொள்கிறது.

சேற்றுநிலம்
ஓதநீர் வந்துபோகும் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களுள் ஒன்றான வெண்கண்டல், மிகுதியான உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. சேற்றில் உயிர்வளி அரிதாகையால், மண்ணுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களின் நுண்துளைகள் வழியே காற்றைப் பெறுகிறது. இவ்வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வதால், கழிமுக மீனவரின் வாழ்வாதாரமும் இம்மரங்களைச் சார்ந்துள்ளது.

இன்றைய நிலை
அனல்மின் நிலையச் சாம்பல் படிவால் கழிமுகத்தின் பல பகுதிகள் ஆழம் குன்றியுள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், அலையாத்தி மரங்களிலும் படிந்தது. எண்ணெய் மூச்சுவேர்த் துளைகளை அடைத்தால் மரம் காற்றின்றி நலிவடையும். மிதிபடுவதும் இவ்வேர்களைச் சிதைப்பதால், நடப்போர் பாதையை விட்டுச் சேற்றில் இறங்கலாகாது.