ஆடுவோர் பெருகினர், வாசிப்போர் குறைந்தனர்

ஊட்டியை ஒட்டிய பெர்ன்ஹில்லில் 1844-இல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு பங்களா கட்டினார். அதே ஆண்டில் லண்டன் நகரம் போல்கா ஆட்டத்தில் மயங்கிக் கிடந்தது. இன்றைய செக் நாட்டின் பொஹீமியக் கிராமங்களில் தோன்றிய அந்தத் துள்ளாட்டம் பாரிஸ் வழியாக லண்டனுக்கு வந்திருந்தது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே வால்ட்ஸ் வந்துவிட்டது. ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் உழவர்கள் ஆடிய லெண்ட்லரிலிருந்து கிளைத்தது அது. 1816-இல் லண்டன் அரச விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டபோது, ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழல்வது தகாது என்று டைம்ஸ் நாளிதழ் கண்டித்தது. கண்டனம் மறைந்தது, ஆட்டம் நிலைத்தது. வெள்ளையர் போன இடமெல்லாம் அதுவும் போனது. நீலகிரிக்கும் ஏறி வந்தது.

பெர்ன்ஹில் பங்களா 1873-இல் மைசூர் அரச குடும்பத்தின் கைக்கு மாறிக் கோடை அரண்மனையாக வளர்ந்தது. காகிதக் கூழால் வார்த்த வேலைப்பாடு நிறைந்த கூரையோடு அங்கே ஒரு நடனக் கூடம் உண்டு. சென்னை மாகாண அரசு கோடைதோறும் ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலம் அது. கோடை என்றால் விருந்து, விருந்து என்றால் நடனம். அதில் கலந்துகொள்ள அழைப்பு வேண்டும், அதற்கேற்ற உடை வேண்டும், யாரோடு ஆடலாம் என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். எதிரே அமர்ந்து வாசிக்க வாத்தியக்காரர்களும் வேண்டும். அவர்கள் வயலின் வில்லை எடுக்காமல் ஒருவரும் காலை எடுத்து வைக்க முடியாது.

அந்தக் கூடத்துக்கு வெளியே, அதே மலையில், அதைவிடப் பழைய ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. மலையின் பழங்குடிகளான தோடர் வாழும் மந்து என்னும் குடியிருப்புகளில் ஆண்கள் கைகோத்து வட்டமாக நின்று, நிதானமாக அடியெடுத்து வைத்துச் சுற்றி வருவார்கள். எருமையையும் மலையையும் அன்றைய நிகழ்வையும் பற்றி ஒருவர் அடி கட்டுவார், மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் இங்கே தங்கி அந்தப் பாடல்களைத் திரட்டினார். 1971-இல் அவை பெரிய நூலாக வெளிவந்தன.

தோடருக்குக் குரலே வாத்தியம். அதே மலையில் உழுது வாழ்ந்த படகருக்கு வாசித்தவர்கள் அங்கேயே கைவினைஞராக வாழ்ந்த கோத்தர்கள். கொள் என்னும் குழலும், தப்பட்டையும், மத்தளங்களும், கொம்பும் கோத்தரின் கையிலும் மூச்சிலும் இருந்தன. படகர் ஊரான ஹட்டியில் சாவு விழுந்தால் கோத்தருக்குச் செய்தி போகும். அவர்கள் வந்து வாசிக்க, சவத் தேரைச் சுற்றி ஆண்கள் ஆடுவார்கள். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூல் இதை விவரிக்கிறது. வாசித்தவருக்கும், இரும்புக் கருவியும் பானையும் செய்து தந்தவருக்கும் அறுவடையில் தானியம் அளக்கப்பட்டது.

அந்த ஏற்பாடு அழகானது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. வாசித்தவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவருடைய இசை வேண்டும், அவரோடு சமமாக உட்கார வேண்டாம் என்ற வழக்கம் இருந்தது. எண்ணிக்கையும் அதைத் தாங்கவில்லை. 1901 கணக்கெடுப்பில் நீலகிரியின் படகர் 34,178 பேர், கோத்தர் 1,267 பேர். ஒரு கோத்தருக்கு இருபத்தேழு படகர். படித்த படகர் சிலர் பழைய சடங்கும் கோத்தர் இசையும் வேண்டாம் என்றார்கள். முன்னோர் வழக்கத்தை விடக்கூடாது என்று மற்றவர்கள் நின்றார்கள். 1930களில் இங்கே ஆய்வு செய்த டேவிட் மாண்டெல்பாம் இந்தப் பூசலை எழுதி வைத்திருக்கிறார். வேண்டாம் என்றவர்களே வென்றார்கள். கோத்தருக்கும் அது ஒரு விடுதலையாயிற்று. அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு அழைத்தபோதெல்லாம் ஓட வேண்டிய கட்டாயம் போனது. கொள்ளும் தப்பட்டையும் தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் இறந்தவர்க்கும் உரியனவாயின.

இன்று பெர்ன்ஹில் அரண்மனை தங்கும் விடுதி. முன்பு அழைப்பிதழோடு வந்தார்கள். இப்போது அறை வாடகை கட்டுகிறவர் எவரும் அந்தக் கூடத்தைப் பார்க்கலாம். 1908-இல் குன்னூரிலிருந்து பெர்ன்ஹில் வரை நீண்ட மலை ரயில் பாதையும் ஆட்டத்துக்கு மேடையாயிற்று. ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’ பாட்டில், 1998-இல் இந்த மலை ரயிலின் கூரை மீது ஆடியதை நாடே பார்த்தது.

படகர் ஆட்டம் இன்று முன்னெப்போதையும்விடப் பெரிது. திருமணத்திலும், ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவிலும் வட்டம் கட்டினால் ஆணும் பெண்ணும் குழந்தையும் சேர்கிறார்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் ஆண்களின் ஆட்டத்தையே பேசுகின்றன. இன்று பெண்கள் இல்லாத வட்டம் அரிது. வெளியூரிலிருந்து வந்த விருந்தினரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். படகர் மொழி பேசுவோர் 2011 கணக்கில் 1,30,000-க்கு மேல். 1901-இல் 807 பேராக இருந்த தோடரும் இன்று ஏறக்குறைய 2,000 பேர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் தெருவில் உருவாக்கிய பிரேக் ஆட்டம் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதை ஊட்டிப் பிள்ளைகள் அன்றே கைபேசியில் பார்த்திருக்க முடியும். போல்கா கப்பலிலும் மாட்டு வண்டியிலும் ஏறி வந்து சேர்ந்த மலை இது.

ஆனால் படகர் வட்டத்தின் நடுவே இன்று ஒலிபெருக்கி இருக்கிறது. முதலில் ஒலிநாடா, பிறகு குறுந்தகடு, இப்போது கைபேசி. பதிவு செய்த பாட்டு எத்தனை முறை போட்டாலும் பிசகாது. ஆனால் ஆடுகிறவர் களைத்ததை அது பார்க்காது. கிழவர் ஒருவர் வட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று தாளத்தைத் தளர்த்தாது. கொள் வாசித்தவரின் கண் ஆடுபவரின் காலில் இருந்தது. விருந்துக் கூடத்தின் வாத்தியக்காரரின் கண்ணும் அப்படித்தான்.

யார் ஆடலாம் என்ற கேள்வியில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். அதில் ஓர் அடிகூடப் பின்னால் போகக்கூடாது. யார் வாசிப்பது என்ற கேள்வியைத்தான் இடையில் கைவிட்டோம். ஊட்டிக்கு அருகே திருச்சிக்கடியிலும், கோக்கால் எனப்படும் மாவட்டத்தின் மற்றக் கோத்தர் ஊர்களிலும் கொள் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைப்பதாக இருந்தால், பழைய உரிமையைச் சொல்லி அழைக்கக் கூடாது. கலைஞருக்குரிய ஊதியத்தைப் பேசி அழைத்து, வாசித்து முடித்ததும் பந்தியில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். வர மறுக்கும் உரிமையும் அவர்களுடையதே. அந்த இசை திரும்பி வருவதானால் இந்தச் சமத்துவத்தின் வழியாகத்தான் வர வேண்டும்.