சொற்போர் முகாமுக்கு இரண்டாம் முறை

கோடை விடுமுறை அணுகும் காலத்தில் நம் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. பள்ளியோ சங்கமோ நடத்தும் சொற்போர்ப் பயிற்சி முகாமுக்குச் சென்ற ஆண்டு போய்வந்த பிள்ளைகள், இவ்வாண்டும் போகவேண்டும் என்று கேட்கின்றனர். “ஒரு முறை கற்றாயிற்றே, மறுபடியும் எதற்கு?” என்கிறார் தந்தையார். “ஊரில் பாட்டி வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பாரே” என்கிறார் தாயார். இரண்டும் நியாயமான சொற்களே. ஆயினும், முதன்முறை செல்வதினும் மறுமுறை செல்வதிலேதான் மிகுந்த பயன் உண்டு என்பதை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

சொற்போர் நமக்குப் புதிய கலையன்று. புகார் நகரத்துப் பட்டிமண்டபத்தை மணிமேகலை குறிப்பிடுகிறது. அக்காப்பியத் தலைவி வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளை அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயிலாகவே கேட்டறிகிறாள். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் நீலகேசி. திருவள்ளுவரோ சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். பேசும் திறமும், கேட்போரை அறியும் திறமும், அஞ்சாமையும் வெவ்வேறானவை என்பது இதனாற் புலனாகும். இம்மூன்றும் பத்துப் பதினைந்து நாட்களில் ஒருங்கே வாய்க்குமோ?

முதலாண்டில் பிள்ளைகள் பெறுவது பெரும்பாலும் அஞ்சாமை ஒன்றே. இடம் புதிது, முகங்கள் புதியன, மணியடித்தால் பேச்சை நிறுத்தவேண்டும் என்னும் கட்டுப்பாடும் புதிது. இவற்றோடு பழகுவதற்கே பாதி நாட்கள் கழிந்துவிடும். எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். இடையில் ஒருவர் எழுந்து வினவினால் திகைத்து நிற்பார்கள். அத்திகைப்பு நீங்கி, சொந்தமாகச் சிந்தித்துப் பேசத் தொடங்கும் வேளையில் முகாம் முடிவுற்றுவிடும்.

இரண்டாம் கோடையில் இத்தடைகள் இல்லை. முதல் நாளே மெய்யான பயிற்சி தொடங்கிவிடும். ஓராண்டில் பலவும் மறந்திருக்குமே என்று ஐயுற வேண்டுவதில்லை. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றது விரைவில் மறந்துபோகிறது. ஆயினும் மறந்ததை மீண்டும் கற்க முதன்முறையினும் குறைந்த நேரமே ஆகிறது என்று அவர் கண்டார். அங்ஙனம் மிஞ்சும் நேரமே இரண்டாம் ஆண்டின் ஊதியம்.

நான் பணிபுரியும் ரயில்வேயில் இவ்வுண்மை ஒரு விதியாகவே அமைந்துள்ளது. ஓட்டுநர் ஒரு பாதையில் வண்டியைச் செலுத்துமுன், அதில் பயணம் செய்து சிக்னல்களையும் ஏற்ற இறக்கங்களையும் வளைவுகளையும் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் அப்பாதையில் ஓட்டாதிருந்தாரெனில், எத்துணை அனுபவம் உடையவராயினும், மீண்டும் சென்று பார்த்துவந்த பின்னரே அவ்வழியில் வண்டி ஓட்டலாம். ஓராண்டு மேடையேறாத பிள்ளைக்கு மட்டும் ஒரு முறை போதும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, பயன்களுள் தலையாயதைக் கூறுவேன். உலகப் பள்ளிகள் சொற்போர்ப் போட்டி 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. 2019-இல் பாங்காக்கில் நடந்த போட்டியில் இந்திய அணி வாகை சூடியது. இப்போட்டியில் அணிக்கு மூவர் பேசுவர். ஒவ்வொருவர்க்கும் 8 நிமிடம். முதல் நிமிடமும் இறுதி நிமிடமும் நீங்கலாக, எதிரணியார் இடையில் எழுந்து வினவலாம். சில தலைப்புகளுக்கு ஆயத்தம் செய்ய ஒரு மணி நேரமே உண்டு. எந்தப் பக்கம் நின்று பேசுவது என்பது பேசுவோரின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. இங்கேதான் மறுமுறை செல்வதன் அருமை விளங்கும்.

‘குடியேறிய ஊரின் மொழியைக் கற்பதே முதற்கடமை’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிறுமி முதலாண்டில் இதனை மறுத்து, தாய்மொழியின் பெருமையை முழங்கிக் கைதட்டல் பெறுகிறாள். மறு ஆண்டில் இதே தலைப்பை ஆதரித்துப் பேசும் கடமை வாய்க்கிறது. இப்போது அவள் தேடவேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் தன் நோயைச் சொல்லத் தெரியாமல் அம்மா கலங்கியதை நினைக்கிறாள். ரேஷன் கடையிலும் காவல் நிலையத்திலும் மொழியறியாதவர் படும் பாட்டை எண்ணுகிறாள். அண்டை வீட்டாரோடு கூடி வாழ்வதற்கு அவர்கள் மொழி வேண்டும் என உணர்கிறாள். இதனால் அவளுடைய தமிழ்ப்பற்று குன்றிவிடாது. காரணம் அறிந்து கொண்ட பற்று பின்னும் உறுதிப்படும்.

இருமொழிச் சூழலில் வளரும் நம் மக்களுக்கு இப்பழக்கம் இன்றியமையாதது. பள்ளியில் ஒரு வழக்கம், வீட்டில் ஒரு வழக்கம் என்று அவர்கள் நாள்தோறும் இரு கரைகளுக்கிடையே நிற்கின்றனர். இரு கரையின் நியாயமும் அறிந்த பிள்ளை, நாளை கல்வி, வேலை, திருமணம் பற்றிப் பெற்றோரோடு கருத்து வேறுபட நேரினும் கதவை அறைந்துவிட்டுப் போகாது, அமர்ந்து பேசும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மறுமுறை வருவோரிடம் புதியவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு வந்து சேரும். பிறர்க்கு விளங்கச் சொல்லும்போதுதான் தமக்கு விளங்காதது எது என்பதும் தெரியவரும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தி அனுப்பலாகாது. கடன்பட்டுக் கட்டணம் செலுத்துவதும் தகாது. முகாம் ஆங்கிலத்தில் நடைபெறுமாயின், அங்குப் பேசிய பொருளை வீட்டில் தமிழிலும் பேசச் செய்யுங்கள். பாட்டியின் ஏக்கத்துக்கும் வழியுண்டு. விடுமுறையில் முகாமுக்கு இரு வாரம் போக எஞ்சிய நாட்கள் ஊருக்கே உரியன. முன்பதிவுக் காலம் 1-11-2024 முதல் 60 நாட்களாகக் குறைந்துள்ளமையால், முகாம் தேதியை முற்கூட்டியே கேட்டறிந்து பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்க.

முகாம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும்போது, என்ன பரிசு பெற்றாய் என்பதற்கு முன்னே, எதிரணியார் கூறியவற்றுள் சிறந்தது எது என்று கேளுங்கள். முதலாண்டில் பெரும்பாலும் மௌனமே விடையாகும். இரண்டாம் ஆண்டில் பதில் கிடைக்குமாயின், கொடுத்த கட்டணம் வீண்போகவில்லை என்று மகிழலாம்.