படுக்கையருகே பிறக்கும் யோசனைகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஏர்ல் டிக்சன் என்பவர், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பருத்தி கொள்முதல் செய்யும் பணியில் இருந்தார். அவருடைய மனைவி ஜோசபின் சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். அக்காலத்தில் காயத்தின்மேல் துணியை வைத்து, ஒட்டுப்பட்டையைத் தனியே வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு கையில் காயம் பட்டவர் மறு கையால் தனியாக இதைச் செய்வது எளிதன்று. 1920ஆம் ஆண்டில் டிக்சன் ஒரு வழி கண்டார். நீண்ட ஒட்டுப்பட்டையில் இடைவெளி விட்டு மடித்த காஸ் துணியை வைத்தார். பசை ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன்மேல் விறைப்பான துணியொன்றைப் போர்த்தினார். வேண்டும்போது ஜோசபின் ஒரு துண்டை வெட்டித் தாமே ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பேண்ட் எய்ட் என்று நாம் அறிந்த பிளாஸ்திரி அதுவே.

டிக்சன் மருத்துவர் அல்லர். வீட்டில் ஒருவர் படும் சிறு துன்பத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர். இவ்விதழைப் படிக்கும் உங்களிற் பலரும் அத்தகையவரே. "எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், இனி என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று எங்களிடம் கூறுவோர் உண்டு. மருந்துச் சீட்டில் விடை கிடைக்காத இடங்கள் பராமரிப்பில் மிகுதி. அங்கே புதிய யோசனை தேவைப்படுகிறது. அது பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று நாங்கள் கருதவில்லை. அதற்குச் சில பழக்கங்கள் போதும்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"அப்பா சாப்பிட மறுக்கிறார்" என்பது பெரிய கேள்வி. அதற்கு விடை தேடினால் மனம் சோர்ந்துவிடும். எந்த வேளையில் மறுக்கிறார்? முதற் கவளத்திலேயா, நான்காவதிலா? மெல்லும்போது வலிக்கிறதா, வாசனை குமட்டுகிறதா? அல்லது, கை நடுங்கிச் சோறு சிந்துவதைப் பிறர் பார்க்கின்றனர் என்ற கூச்சமா? மூன்று நாள்கள் ஒரு தாளில் குறித்து வாருங்கள். கூச்சமே காரணமெனில், புதிய பதார்த்தம் எதுவும் தேவையில்லை. குழிவான கிண்ணமும் தடித்த கைப்பிடியுள்ள கரண்டியும் தந்து, வருவோர் போவோர் இல்லாத நேரத்தில் உண்ணச் செய்தால் போதும்.

நோயுற்றவரையே கேட்பதும் மறக்கப்படும் ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினால் வலி குறைகிறது, எந்த நேரத்தில் களைப்பு மிகுகிறது என்பதை அவரே நன்கறிவார். அவருடைய பதிலிலிருந்தே பாதி யோசனை கிடைத்துவிடும்.

வேறிடத்திலிருந்து எடுத்து வாருங்கள்

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், இதய நோயுற்ற இளம்பெண் ஒருவரைச் சோதிக்க வேண்டியிருந்தது. மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது அங்கே தகாததாக இருந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் கீறினால் மறுமுனையில் காது வைத்திருப்பவருக்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். காதை நேரே வைத்துக் கேட்டதைவிட இதயத்தின் ஒலி தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் தோன்றியது இவ்வாறே.

உங்கள் வீட்டு வழக்கங்களிலும் அத்தகைய கட்டை ஒன்று இருக்கக்கூடும். மாதச் செலவுக்கென்று பணத்தைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். நீரின் அளவைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது உதவும். ஒரு நாளைக்கு 1 லிட்டர் என்று மருத்துவர் வரையறுத்திருந்தால், காலையிலேயே ஒரு பாட்டிலில் 1 லிட்டர் நீரை நிரப்பி வையுங்கள். தண்ணீரை அதிலிருந்தே குடிக்க வேண்டும். காப்பி, மோர், ரசம், கஞ்சி என்று வேறெதைப் பருகினாலும், அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும். இன்னும் எவ்வளவு பருகலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். "போதும், குடிக்காதீர்கள்" என்று நாள் முழுதும் கடிந்துகொள்ள நேராது.

எஞ்சியிருப்பதைக் கணக்கிடுங்கள்

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், 1941ஆம் ஆண்டில் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 71. அதன்பின் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் நெடுநேரம் கழிக்க நேர்ந்தது. முன்போல் நின்று தீட்டுவது அரிதாயிற்று. கையும் கண்ணும் கத்தரிக்கோலும் அவரிடம் எஞ்சியிருந்தன. உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசித் தர, அவற்றை அவர் கத்தரித்தார். அவர் சொன்ன இடங்களில் அவர்கள் சுவரில் பொருத்தினர். 1947இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் புகழ்பெற்ற நூல் இம்முறையில் உருவானதே. 1954இல் மறையும் வரை அவர் பணி நிற்கவில்லை.

பக்கவாதத்தால் பேச்சை இழந்தவருக்கும் விரல் நீட்டவும், கண் இமைக்கவும், மேசையைத் தட்டவும் இயலக்கூடும். தண்ணீர், கழிப்பறை, வலி, புரண்டு படுத்தல், மின்விசிறி ஆகியவற்றின் படங்களை ஓர் அட்டையில் வரைந்து அருகில் வையுங்கள். பேரக்குழந்தைகள் வரைந்தால் இன்னும் நன்று. தாம் வேண்டுவது இன்னதென்று ஒருவர் சுட்டிக் காட்ட முடிந்தால், அவருடைய சினமும் கண்ணீரும் பெரிதும் குறையக்கூடும்.

முதலில் எங்களிடம் கூறுங்கள்

எல்லா யோசனையும் நன்மை தருவதன்று. மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கலந்து கொடுப்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால், சில மாத்திரைகள் பல மணி நேரம் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலிற் சேர்ந்துவிடும். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் சில பொருள்களில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு உணவின் பதத்தை நாமாக மாற்றினால், அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். ஆகவே மருந்து, உணவு, காயம், குழாய், உடற்பயிற்சி ஆகிய ஐந்தையும் தொடும் எந்த யோசனையையும் செய்து பார்க்குமுன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். கிண்ணம், அட்டை, விளக்கு, படுக்கையருகே பொருள்களை வைக்கும் இடம் போன்றவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் கவனியுங்கள். பயனில்லையெனில் பழையபடி வைத்துவிடலாம். அதில் இழப்பு ஏதுமில்லை.

இறுதியாக, உடனிருப்போருக்கு ஒரு சொல். பல இரவுகள் உறங்காத மனத்தில் புதிய எண்ணம் எளிதில் எழாது. உறவினர் ஒருவரை இரண்டு மணி நேரம் அமர்த்திவிட்டு, வெளியே சென்று நடந்து வாருங்கள், அல்லது உறங்குங்கள். அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டா.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, நீங்கள் குறித்து வைத்த தாளையும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் பயன்பட்ட ஒன்று, அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் பயன்படக்கூடும். எங்களுக்கும் அது பாடமாகும்.