சுவிஸ் மலையிலிருந்து மாட்டுப்பெட்டிக்கு

பிரவுன் சுவிஸ் மாட்டை எட்ட நின்று பார்த்தால் சாம்பல் கலந்த பழுப்பு உடம்புதான் தெரியும். கிட்டே போனால் கரிய மூக்கைச் சுற்றி மாவு ஒட்டியது போல ஒரு வெள்ளை வளையம். குளம்பும் கறுப்பு, நல்ல உறுதி. மேட்டிலும் சரிவிலும் நடந்தே பிழைத்த மாட்டுக்கு அந்தக் குளம்புதான் முதல் சொத்து.

பூர்வீகம் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதி. ஷ்விட்ஸ் மாநிலத்தின் ஐன்சீடல்ன் மடத்துத் துறவிகள் இம்மாடுகளை வளர்ப்பதில் பேர்போனவர்கள். கோடையில் மந்தை உயர மேய்ச்சலுக்கு ஏறும். குளிர் தொடங்குமுன் இறங்கும். அங்கே கறக்கும் பாலை அன்றாடம் கீழே கொண்டுவர வழியில்லை. அதனால் மேலேயே பாலாடைக்கட்டி ஆக்கினார்கள். அதற்குக் கொழுப்பைப் போலவே புரதமும் முக்கியம். இதன் பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், புரதம் 3.5 சதவீதம். அந்நாளில் பால், இறைச்சி, ஏர் உழவு மூன்றுக்கும் ஒரே மாடுதான்.

1869-இல் ஒரு காளையும் ஏழு பசுக்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்தன. பிறகு போனவற்றையும் கூட்டினால் இருநூறு தேறாது. அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே அமெரிக்கர்கள் பாலுக்கென்றே உயரமான, எலும்பு தெரியும் மாடுகளைப் பொறுக்கி வளர்த்தார்கள். 1960-களில் அவற்றின் உறைவிந்து தாய்நாட்டுக்கே போனது. பால் கூடியது. ஆனால் பழைய கட்டுமஸ்தான உடம்பு அருகியது. கலப்பில்லாத மூல மாட்டைத் தனியே காப்பாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்க வழியில் ஒரு நோயும் வந்தது. ‘வீவர்’ என்பார்கள்: கன்று நன்றாகத்தான் பிறக்கும்; சில மாதங்களில் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கும், பிறகு தேறாது. பேர்பெற்ற சில காளைகளின் விந்தையே எல்லோரும் தேடிப்போனால் மறைந்திருக்கும் குறையும் கூடவே பரவத்தான் செய்யும்.

நம் பக்கம் பிரவுன் சுவிஸ் வந்தது 1963-இல், மூணாறு அருகே மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தோடு. மலைமாட்டை அப்படியே கேரளச் சமவெளிக்கு இறக்கினால் புழுக்கத்தில் தாங்காது. அதனால் நாட்டுப் பசுக்களுக்கு பிரவுன் சுவிஸ் விந்தால் சினை ஊசி போட்டார்கள். பிறந்த கலப்பினத்துக்கு ‘சுனந்தினி’ என்று பெயர். பின்னாளில் ஜெர்சி, ஹோல்ஸ்டைன் ரத்தமும் அதில் சேர்ந்துவிட்டதால், இன்று கேரளத் தொழுவத்தில் நிற்கும் சுனந்தினியின் மூக்கில் அந்த வெள்ளை வளையம் இருந்தே தீரும் என்று எதிர்பார்க்க முடியாது.